பட்டப்பகல் பேயும் வீடியோ சண்முகத்தின் கையும்

"அதெல்லாம் பொய்யுங்க அம்மணி. நான் பேயா நடிச்சது ஒரே ஒருக்காத்தான். ரெண்டு தடவைன்னு அந்தக் கோடி ஊட்டுக்காரி சொல்லிட்டுத் திரியறா, நம்பிப்போடாதீங்க!"

இன்றைக்கு இப்படித்தான் ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு சரோஜா டீச்சர் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாராவாரம் நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். நான் பேசுவது ஊட்டுப் பேச்சு, அவர் எழுதுவது பத்திரிகைப் பேச்சு. திரும்பப் படித்துக் காட்டும்போது, ராமாத்தாளா இவ்வளவு திருத்தமாகப் பேசினாள் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். உச்சி வெயில். துடியலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடி. கிணறு வற்றி, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனபிறகு சும்மா கிடந்த மோட்டார் ரூம். அதன் கதவுக்குப் பின்னால், கையில் முறத்தோடு, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன். உள்ளே பழைய கிரீஸ் வாடை. சுவரில் ஒரு பல்லி என்னையே பார்க்கிறது.

வெளியே ஸ்டெல்லா "ஆக்‌ஷன்" என்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு, கெத்தாக வெளியே வந்தேன்.

என்னைப் பிடிக்க வேண்டிய கேமரா பப்பாளி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சீலை கேட்டு வந்தவள்

எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள். மொட்டை மாடி ஆன்டெனாக்களைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வீடு கேபிள் ஒயர் இழுத்த சமயம். என் கடைசிப் பையன் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது வீட்டில் ஆரோக்கியம் குடியிருந்தார். கருமத்தம்பட்டிக்காரர், மில்லில் வேலை. அவர் சம்சாரம் மேரி. அவர்கள் மகள்தான் ஸ்டெல்லா. டவுனில் காலேஜ். என்ன படிக்கிறாய் கண்ணு என்று கேட்டால் ‘விஸ்காம்’ என்பாள். எனக்கு அது ஏதோ வாய்வுக்குக் கொடுக்கிற மருந்து மாதிரி கேட்கும். படம் எடுக்கிற படிப்பாம். அதற்கெல்லாம் படிப்பு உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை, நான் ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"ஆத்தா, உங்க வெள்ளைச் சீலை ஒண்ணு ஒரே ஒரு நாளைக்கு வேணுங்க. தொவச்சு, இஸ்திரி போட்டுத் தந்துடறேன்."

"எதுக்கு கண்ணு?"

"பேய்க்குங்க."

சல்லடையைக் கீழே வைத்துவிட்டேன். இந்த மாதிரி பதிலை ஒருத்தி வாயால் கேட்டுப்போட்டு மாவு சலிக்க முடியுமா?

விஷயம் என்னவென்றால், காலேஜில் அவளுடைய வாத்தியார் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். பேய்ப் படம் ஒன்றின் தொடக்கத்தை மட்டும் எடுத்து வரவேண்டும். மூன்று நிமிடம். பேய்ப் படத்தில் என்னென்ன வழக்கமோ அதெல்லாம் அதில் இருக்கவேண்டும். ஆனால் அந்த வழக்கத்தை மீறியும் இருக்கவேண்டும்.

"அதெப்படி கண்ணு, இருக்கோணும், மீறவும் மீறோணும்?"

"அதுதாங்காத்தா எனக்கும் புரியல" என்றாள் ஸ்டெல்லா. பாவம், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

எனக்குப் புரிந்தது. அரிசியும் பருப்பும் எல்லார் வீட்டிலும் அதே அரிசி பருப்புதான். ஒருத்தி வைத்தால் அரிசிம்பருப்புச் சோறு, இன்னொருத்தி வைத்தால் கஞ்சி. வாத்தியார் கேட்பது அவ்வளவுதான்.

"உங்கம்மாகிட்ட வெள்ளைச் சீலை இல்லையா?" என்றேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆரோக்கியம் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது மேரியிடம் ஏது வெள்ளைச் சீலை!

"இருக்குங்க. பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. தொடக்கூட உட மாட்டேங்கறாங்க. அது அவங்க கல்யாணச் சீலை."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், அவர்கள் கோயிலில் கல்யாணப் பெண்ணே வெள்ளைச் சீலைதான் கட்டுவாள் என்று. பத்து வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறார்கள், தெரியவில்லை பாருங்கள். உடனே மேரி வீட்டுக்குப் போய் அந்தச் சீலையை எடுத்துக் காட்டச் சொன்னேன். பாச்சை உருண்டை வாசத்தோடு, ஓரத்தில் வெள்ளிச் சரிகை. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒரே வெள்ளைதான். மேரி வீட்டில் அது மணப்பெண். என் வீட்டில் அது நான். சினிமாவில் பேய்!

"இத வேண்ணாக் கட்டிட்டுப் போயிப் பேயா நிக்கச் சொல்லுவாளாமா" என்று மேரி மகளை முறைத்தாள். "என்ற கல்யாணச் சீலைங்க அது, ராமாத்தாக்கா!"

நான் ஸ்டெல்லாவிடம் சொல்லிப்போட்டேன்: "சீலைய மட்டும் குடுக்க மாட்டேன் கண்ணு. கட்டியிருக்கற ஆளோடத்தான் குடுப்பேன்."

பேய்க்கு ஒரு வேலை

ஸ்டெல்லா ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். வெள்ளைச் சீலை. விரித்த முடி. கொலுசுச் சத்தம். கிறீச்சிடும் கதவு. நாய் ஊளை. ராத்திரி பன்னிரண்டு மணி.

ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

"கொலுசா? வெள்ளைச் சீலை கட்டினவ எவ கண்ணு கொலுசு போடறா? அவ ஊட்டுக்காரன் போன அன்னைக்கே கழட்டியாச்சே. உன்ற வாத்தியாருக்குத் தெரியாட்டிப் போவுது, உனக்குத் தெரிய வேண்டாமா?"

எழுதினதை அடித்தாள்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு எனக்கு முடியாது. ஏழு மணிக்கே கண்ணச் சொருவும். அதுவும் போக, எங்க பக்கமெல்லாம் காத்துக்கருப்பு நடமாடறது உச்சி நேரத்துலதான். வெயிலு நட்டமா நிக்கறப்ப, நெழலு காலுக்கடியில போயிருமில்ல, அப்பத்தான்."

இது நான் சும்மா சொன்னதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் உச்சி நேரத்தில் பச்சைப் பிள்ளையைக் கிணற்றுப் பக்கம் தூக்கிப் போகமாட்டார்கள். ஸ்டெல்லாவுக்கும் பகல் என்றதும் முகம் மலர்ந்தது. லைட் வாடகைக்கு எடுக்க வேண்டாமே!

"சரிங்காத்தா. நீங்க அந்த ரூம் கதவத் தொறந்து வந்து அப்படியே நில்லுங்க."

"சும்மாவா?"

"ஆமாங்க. பேயின்னா சும்மாதான நிக்கும்."

"பட்டப்பகல்ல ஒரு பொம்பள சும்மா நிப்பாளா கண்ணு? பாக்கறவங்க சிரிப்பாங்க. பேய்க்கு ஒரு வேலை குடு."

அப்படித்தான் முறம் வந்தது. கொலுசுக்குப் பதிலாக முறத்தில் கம்பு புடைக்கிற சத்தம். மூடின கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் மட்டும் வந்தால் எப்படியிருக்கும் என்று மோட்டார் ரூமுக்குள் போய்ப் புடைத்துக் காட்டினேன். சளப், சளப், சர்ர்ர்... வெளியே நின்ற ஸ்டெல்லா கையை நீட்டினாள். மயிர்க்கூச்செறிந்து நின்றது.

எனக்கு ஒரே பெருமை. இத்தனை வருஷமாகப் புடைக்கிறேன், யாருக்காவது கூச்செறிந்திருக்கிறதா?

கஞ்சிக் கலயம் போன கதை

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும்.

நான் வாக்கப்பட்டது ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு. துடியலூருக்கு வந்ததெல்லாம் பிறகு. புதுப்பெண்ணாக இருந்த சமயம், ஒரு நாள் சோளக்காட்டுக்குக் கஞ்சி கொண்டு போகிறேன். உச்சி நேரம். கலயத்துக்கு மேலே ஒரு கரித்துண்டும் ஒரு மிளகாயும் வைத்துத்தான் கொண்டுபோக எங்கள் அம்மா பழக்கியிருந்தாள். காத்துக்கருப்பு அண்டாதாம். அதை வைத்துக்கொண்டு தைரியமாகப் போகிறேன்.

சோளம் ஆள் உயரம். காற்றே இல்லை. நடுக்காட்டில் வெள்ளையாக ஒன்று எழுந்து நின்றது. முகம் தெரியவில்லை, வெயில் எதிரே. கை நீட்டிக் கூப்பிட்டது.

கலயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன் பாருங்கள், வரப்பெல்லாம் எகிறிக் குதித்து! வீட்டு வாசலில்தான் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் என் மாமியார் வந்தாள். வெள்ளைச் சீலை முழுக்கச் சோளப்பூ. களை எடுத்துக்கொண்டிருந்தவள், கஞ்சியை வாங்கலாம் என்று எழுந்து கையை நீட்டியிருக்கிறாள்.

"ஏம்புள்ள, என்னையக் கண்டா ஓடறவ, அந்தக் கலயத்தையாச்சும் வெச்சுப்போட்டு ஓடியிருக்கக் கூடாதா? பசி உசுரு போவுது!"

அப்புறம் ஆறு மாசம், கஞ்சி கொண்டு போனால் காட்டு ஓரத்திலிருந்தே "நாந்தான், ஓடாத!" என்று கத்துவாள். நல்ல பொம்பளை. பயந்தது அவளைப் பார்த்து இல்லை, சீலையைப் பார்த்துத்தான். முகத்தைப் பார்த்திருந்தால் ஓடியிருக்க மாட்டேன்.

மூன்று மணி நேர கேசட்

இப்போது நீங்கள் கேட்பீர்கள், இந்த வயதில் உனக்கு ஏன் இந்த நடிப்பு ஆசை என்று. என் பெரிய பையன் பொன்னுசாமியும் அதைத்தான் கேட்டான். லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான், நாலு பேர் வந்துபோகிற இடம்.

"ஏம்மா, உன்னையப் பேயின்னு காட்டுனா, நாளைக்கு நான் தலை நிமிந்து நடக்கறதா வேண்டாமா? ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா நல்லதுதான சாமி. நான் பயந்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

முறைத்துவிட்டுப் போனான். அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கடைசிப் பையன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தோம். வீடியோ சண்முகம்தான் எடுத்தான். துடியலூரில் அப்போது அவன்தான் பேர்பெற்ற ஆள். மிக்சிங்கெல்லாம் போட்டு மூன்று மணி நேரக் கேசட். பெண்ணும் மாப்பிள்ளையும் ரோஜாப்பூவுக்குள்ளே சிரிப்பார்கள், அன்னப்பட்சி வந்து அவர்களைத் தள்ளிக்கொண்டு போகும்.

எங்கள் பக்கம் தாலி கட்டும் நேரத்தில் வெள்ளைச் சீலைக்காரிகள் ஒதுங்கிக்கொள்வோம். யாரும் போகச் சொல்வதில்லை, நாமாகவே போய்விடுவோம். பெற்ற பிள்ளையின் கல்யாணம் என்றாலும் அப்படித்தான். அதனால் மணவறையில் நான் இல்லை என்பது எனக்கே தெரியும். ஆனால் பந்தியில் நான்தான் நின்றேன். சண்முகம் லைட்டோடு உள்ளே வந்தான். கேமரா என் பக்கம் திரும்பியது. முந்தானையைச் சரிசெய்து, வாயை மூடிச் சிரித்து, ஒரு நிமிஷம் அசையாமல் நின்றேன். கண் கூசியது. சிமிட்டவில்லை.

கேசட் வந்த அன்று வீட்டில் திருவிழாக் கூட்டம். நான் பின்னால் உட்கார்ந்து என் இடத்துக்காகக் காத்திருந்தேன். பந்தி வந்தது. இலை வந்தது. என் முழங்கை வந்தது. அப்புறம் ஜிலேபி. ஒரு நிமிஷம் முழுக்க ஜிலேபி! பாகு சொட்டுவது வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

மூன்று மணி நேரத்தில் என் முகம் எங்கேயும் இல்லை.

ஒருத்தரும் கவனிக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஆனைமலைக்குப் போய் தப்பு செய்தவனைத் தட்டிக் கேள் என்று மாசாணி ஆத்தாள் கல்லில் சண்முகம் பேருக்கு மிளகாய் அரைத்துவிட்டு வரலாமா என்று மட்டும் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் ஸ்டெல்லா வந்ததும் பிடித்துக்கொண்டேன். பேயோ பிசாசோ, ஒரு படத்தில் என் முகம் விழவேண்டும். விழுந்து, அதை நான் பார்க்கவேண்டும்.

பப்பாளி, சுவர், காக்கை

கேமராவுக்கு ஸ்டெல்லா ஏற்பாடு செய்திருந்த ஆள் யார் தெரியுமா? அதே சண்முகம்!

தோளில் கேமராவோடு வந்தான். முப்பது வயது, நல்ல பணிவு. வந்ததும் ஒரு சூடத்தைக் கொளுத்தி, மோட்டார் ரூம் சுவரில் ஒட்டியிருந்த பழைய பிள்ளையார் படத்தை ஒரு நொடி பிடித்துக்கொண்டான். முதல் ஷாட் சாமி படம்தான் எடுப்பானாம்.

"தங்கச்சி, ரெண்டு மணி வரைக்குந்தான். மூணு மணிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டுல ஒரு ரிசப்சன் இருக்குது."

"அது போதுங்கண்ணா. நாளைக்குக் காலைல காலேஜ்ல குடுக்கோணும். இன்னைக்கு உட்டா எனக்கு வேற நாள் இல்ல."

நான் உள்ளே போய்ப் புடைத்தேன். ஆக்‌ஷன் என்றாள். வந்தேன். கேமரா பப்பாளி மரத்தைப் பார்த்தது. முதலிலேயே சொன்னேனே, அந்த இடம்தான்.

"அண்ணா, ஆத்தா இங்க இருக்காங்க!"

"அவங்களத்தான தங்கச்சி எடுத்தேன்?" என்றான் சண்முகம். நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

இரண்டாவது தடவை. முறத்தோடு வந்தேன். கேமரா என்மேல் ஒரு நொடி நின்றது. அப்புறம் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்தது.

மூன்றாவது தடவை காக்கை. கிணற்று மேட்டில் சும்மா உட்கார்ந்திருந்த காக்கையை அவ்வளவு அழகாகப் பிடித்தான்.

"எனக்குப் பதிலா காக்காய நடிக்க வெச்சிருக்கலாம் கண்ணு" என்றேன்.

ஸ்டெல்லாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மணி ஒன்று தாண்டிவிட்டது. கேமராவை வாங்கித் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, டேப்பைத் திருப்பி, அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

நான் சண்முகத்தின் பக்கம் போனேன்.

"ஏன் சம்முகம், என்ற பையன் கண்ணாலத்துலயும் இப்படித்தான் ஜிலேபியப் புடிச்சியா?"

கை தானாகப் போகிறது

அவன் கேமரா இல்லாத தோளைத் தடவிக்கொண்டு நின்றான்.

"இல்லீங்காத்தா... நான் வேணுமுன்னு செய்யலீங்க. சத்தியமா. கை தானாப் போயிருதுங்க."

"அதெப்படித் தானாப் போவும்?"

"எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவரு அப்படிப் பழக்கிட்டாருங்க. கண்ணால ஊட்டுல வெள்ளைச் சீல தெரிஞ்சா, கேமராவ மெல்ல அக்கட்டால நவுத்திப்போடோணும். பூவு, கோலம், பலகாரம், எதையாச்சும் புடிக்கோணும். ஒருக்கா, தாலி கட்டறப்பப் பின்னால ஒரு வெள்ளைச் சீல தெரிஞ்சுதுன்னு பொண்ணு ஊட்டுக்காரங்க கேசட்ட மூஞ்சில உட்டெறிஞ்சுட்டாங்க. அதுல இருந்து எனக்கும் கை பழகிப்போச்சுங்க. யோசிக்கறதுக்குள்ள அது போயிருது."

அப்புறம் என் சீலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கம்மாவும் வெள்ளைதானுங்க. என்ற கண்ணாலக் கேசட்ட நானேதான் உக்காந்து மிக்சிங் பண்ணுனேன். அதுல எங்கம்மா இல்லீங்க. இப்ப நீங்க கேக்கறப்பத்தான் நெனப்பு வருது."

அவனைத் திட்டலாம் என்று ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை உயரமான ஆள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றால் எப்படித் திட்டுவது?

அப்போதுதான் ஸ்டெல்லா துவைக்கிற கல்லிலிருந்து ஒரு சத்தம் போட்டாள்.

"ஆத்தா! இங்க வந்து பாருங்க!"

கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். எல்லாம் கறுப்பு வெள்ளை. மூடின கதவு. சளப், சளப். கதவு திறக்கிறது. ஓரத்தில் வெள்ளையாக ஏதோ வருகிறது, உடனே படம் விருட்டென்று ஓடி மரத்துக்குப் போய்விடுகிறது. மறுபடி கதவு. மறுபடி வெள்ளை. படம் சுவருக்கு ஓடுகிறது. அங்கே நிற்பது நான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணாடியிலிருந்து முகத்தை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டேன்!

"பாக்கறவங்களுக்குக் கேமராவே பயந்து ஓடற மாதிரி இருக்குங்காத்தா. இத நான் யோசிச்சுக்கூட எடுத்திருக்க முடியாது." அவள் என் கையைப் பிடித்து ஆட்டினாள். "இது மூணையும் வெச்சுக்கறேன். நாலாவது ஷாட்டுல மட்டும் ஓடக்கூடாது. நேராப் பாக்கோணும். அது கெடச்சாத்தான் படம். இல்லாட்டி வெறும் பேய்ப் படம்."

சண்முகம் தலையைச் சொறிந்தான். "கையி நிக்குமான்னு தெரியல தங்கச்சி."

"பரவால்லீங்கண்ணா. கேமராவ இந்தக் கல்லு மேல வெச்சு ஆன் பண்ணிட்டுப் போயிருங்க. அது நவுராது."

நல்ல யோசனைதான். மணியும் ஆகிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை.

"வேண்டா கண்ணு. கல்லு எதுக்கு என்னையப் பாக்கோணும்? அவன் பாக்கட்டும்."

"ஆத்தா, இன்னொருக்கா தப்புனா நேரமில்லைங்க!"

"தப்பாது. சம்முகம், கேமராவ எடு. உன்ற கைய நெனைக்காத. என்ற மூஞ்சியப் பாரு."

நாலாவது தடவை

உள்ளே போய் நின்றேன். முறத்தில் கம்பைப் போட்டேன். இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி வந்தது. ஆக்‌ஷன். கதவைத் தள்ளினேன்.

கேமரா என்மேல் இருந்தது. லேசாக இடது பக்கம் நகரப் பார்த்தது. நின்றது. மறுபடி நகரப் பார்த்தது. நின்றது. கேமராவுக்குப் பின்னாலிருந்து சண்முகத்தின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. திறந்த கண். நேராக என்னைத்தான் பார்த்தது. நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகி அந்தக் கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்காமல் நிற்கிறான்.

ஸ்டெல்லா என்னை வெறுமனே முறைத்துப் பார்க்கத்தான் சொல்லியிருந்தாள். வசனம் எதுவும் கிடையாது. நானும் முறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் உச்சி வெயிலில் ஒருத்தன் அப்படி வேர்த்து வடிந்து நிற்பதைப் பார்த்ததும் நான் பேய் என்பதே மறந்துவிட்டது.

"ஏனுங்க, வெய்யல்ல நிக்கறீங்க?" என்றேன். "உள்ள வாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தும்விட்டேன், பல்லெல்லாம் தெரிய. சொன்னபிறகுதான் ஞாபகம் வந்தது. போச்சு, காரியத்தைக் கெடுத்தேன் என்று ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள்.

காலேஜில் அதைப் போட்டுக் காட்டின கதையை அவள்தான் வந்து சொன்னாள். முதல் தடவை கேமரா மரத்துக்கு ஓடியபோது எல்லாரும் கப்சிப். மூன்றாவது தடவை பெண்பிள்ளைகள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்களாம். நான் "உள்ள வாங்க" என்றதும் பின் பெஞ்சில் ஒருத்தன் "அய்யோ" என்று கத்தியே விட்டானாம். அப்புறம் ஒரே சிரிப்பு. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லையாம். கேமராவுக்கு இவ்வளவு நன்றாகப் பயப்பட யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாராம். ஸ்டெல்லா நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள். அவர் இன்னொரு தடவை போடச் சொன்னாராம். பாஸ் போட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு டி.வி.யில் போட்டோம். லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். மேரி முன்னால் உட்கார்ந்துகொண்டு, முதல் தடவை வெள்ளை தெரிந்ததுமே சிலுவை போட்டுக்கொண்டாள். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே!

நாலாவது தடவை கதவு திறந்தது. கலரில், பெட்டி நிறைய, நான். நான் இவ்வளவு குட்டையா? நெற்றியில் இத்தனை கோடா? மூக்கு பரவாயில்லை. சிரித்தால் இடது பக்கம் வாய் கொஞ்சம் கோணுகிறது. அது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவே தெரியாது. நன்றாகத்தான் இருந்தது!

"இன்னொருக்காப் போடு கண்ணு" என்றேன். போட்டாள். "இன்னும் ஒருக்கா." ஏழு தடவை போடவைத்தேன். ஸ்டெல்லாவுக்குக் கை வலித்திருக்கும்.

பொன்னுசாமி கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்றவன், ஏழு தடவையும் நகரவில்லை. எல்லாரும் எழுந்து போனபிறகு மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏம்மா, அப்பா போனதுக்கப்பறம் நீ சிரிச்சு நான் பாத்ததே இல்லையே."

"நான் தெனமும் சிரிச்சுட்டுத்தான் சாமி இருக்கேன்" என்றேன். "நீ பாத்தாத்தான?"

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. என்னடா அப்படிப் பார்க்கிறாய், போய்ச் சோறு தின்னு என்று...

அட, குழாயில் காற்று வரும் சத்தம் கேட்கிறதே! தண்ணீர் விட்டுவிட்டான் அம்மணி. நோட்டை மூடுங்கள். நாலு நாள் கழித்து வருகிறது, விட்டால் அந்தக் கோடி வீட்டுக்காரி வரிசையில் முந்திக்கொள்வாள். அந்தப் பித்தளைக் குடத்தை இப்படி எடுங்கள், நீங்கள் அந்தப் பிளாஸ்டிக்கைத் தூக்கிக்கொள்ளுங்கள். வாரேன், வாரேன்...